முதுகில் ஒட்டிய மருந்தும் எனக்குச் சொல்லாத கதையும்

1

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது. ஒன்று என் புருசனுடைய தம்பியின் பிள்ளை, தகப்பன் கடலோடு போனபிறகு எங்களிடம் வந்தது. ஐந்துக்கும் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்தது நான்தான். என்ன மருந்து, எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா என்று எனக்குத் தெரியாமல் ஒரு சொட்டும் ஒரு பிள்ளையின் வாய்க்குள் போனதில்லை. அப்படி இருந்த எனக்கு, என் முதுகில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எட்டு வருடமாகத் தெரியாமல் இருந்தது. கோபத்தோடுதான் இதைச் சொல்லுகிறேன். கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

நான் ஊரில், சண்டிலிப்பாயில், மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகன் குகனின் மகள் ஆரணி எழுதுகிறாள். டென்மார்க்கில் பிறந்த பிள்ளை. தமிழைச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்தது. தகப்பனைப் பற்றி நான் சொல்லப்போகிறதை மகள் எழுதுவது சரியா என்று யோசித்தேன். வேறு ஆள் இல்லை. எழுதட்டும்.

நாங்கள் டென்மார்க்குக்கு வந்தபோது குகன் பள்ளிக்கூடம் போகிற பையன். நான் மீன் பதனிடுகிற ஆலையில் வேலைக்குப் போனேன். ஈரத் தரையில் நின்று, ஐஸ் போட்ட பெட்டிகளைத் தூக்கித் தூக்கி நாரி, அடிமுதுகு, போய்விட்டது. பிறகு ஒரு மார்கழியில் பனியில் வழுக்கி விழுந்தேன். இரண்டு முறை வெட்டித் தைத்தார்கள். நோ போகவில்லை. நாரியில் தொடங்கி இடது கால் பெருவிரல் வரைக்கும் நெருப்புக் கயிறு இழுத்ததுபோல ஒரு நோ. முதலில் நாளுக்கு நாலு முறை குளிசை தந்தார்கள். விழுங்கினால் கொஞ்ச நேரம் சுகம், பிறகு அடுத்த குளிசைக்கு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பது. பிறகுதான் இந்தப் பிளாஸ்டர். முதுகின் மேற்பக்கத்தில் ஒட்டினால் மூன்று நாளைக்கு மருந்து மெல்ல மெல்ல இறங்கும்.

நன்மையை மறைக்கக் கூடாது. அந்தப் பிளாஸ்டர் எனக்கு நித்திரை தந்தது. நின்று சமைக்க விட்டது. நோவை அது அழிக்கவில்லை. அடுத்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது, அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் அது நிற்கிறது என்று எனக்குத் தெரியும். வயிறு இறுகிப்போனது, வாய் காய்ந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

2

டொக்டரிடம் குகன்தான் கூட்டிக்கொண்டு போவான். டெனிஷில் எனக்கு மீனின் பெயர் தெரியும், பெட்டி தெரியும், “கெதியாச் செய்” தெரியும். நோவைச் சொல்லச் சொல் தெரியாது. மொழிபெயர்க்கிற ஆள் வேண்டும் என்றால், இவ்வளவு காலம் இங்கே இருந்தவர்கள் தாங்களே காசு கட்ட வேண்டும் என்று அரசாங்கக் கந்தோரில் இருந்து அறிவித்தார்கள். முப்பது வருடம் அவர்களுடைய மீனைப் பெட்டியில் அடுக்கியதற்கு அதுதான் மரியாதை. குகன் சிரித்தான்.

“நான் இருக்கேக்கை உங்களுக்கு எதுக்கம்மா வேறை ஆள்?”

எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. என் பிள்ளை டொக்டருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டுக் கதைக்கிறான், அவரும் இவனைப் பார்த்துத்தான் கதைக்கிறார். நான் நடுவில் ஒரு பையைப்போல இருந்தேன்.

பிளாஸ்டர் தந்த அன்று அந்த டொக்டர் கனநேரம் கதைத்தார். கையை நெஞ்சில் வைத்து மூச்சை இழுத்துக் காட்டினார். கண்ணைக் காட்டினார். ஒரு படத்தை எடுத்து விரலால் தட்டினார். குகன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு என்னிடம் திரும்பினான்.

“மூண்டு நாளுக்கு ஒருக்கா மாத்தோணுமாம்.”

“அவ்வளவு நேரம் கதைச்சது அதைத்தானோ?”

“ஓம் அம்மா. மிச்சம் உங்களுக்குத் தேவையில்லாத கதை.”

அந்தத் தேவையில்லாத கதை என்ன என்று எனக்குத் தெரியவந்தது போன வருடம், தெல்லிப்பழைப் பக்கத்து ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு படுத்துக் கிடந்தபோது.

3

இவர் செத்து ஒரு வருடம். ஆட்டத்திவசத்தை ஊருக்குப் போய்க் கீரிமலைக் கேணியில் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். குகன் லீவு எடுத்து வந்து கடமையைச் செய்தான். அதில் குறை சொல்ல மாட்டேன். கேணிக்கரையில் நனைந்த வேட்டியோடு அவன் நின்றதைப் பார்க்க, தகப்பனைப் பார்த்ததுபோலவே இருந்தது. எங்களுக்குத் தங்கல் சண்டிலிப்பாயில், என் தங்கச்சி ராசத்தின் வீட்டில். நான் ஒரு மாதம் நிற்பதாக இருந்தேன். குகன் போகமுன் ராசத்தைக் கூப்பிட்டு என் முதுகைக் காட்டினான்.

“சின்னம்மா, மூண்டு நாளுக்கு ஒருக்கா மாத்துங்கோ. பழசை மடிச்சு எறியுங்கோ. வேறை ஒண்டும் இல்லை.”

அவன் விமானம் ஏறின அன்று மத்தியானம் என் நாரி பிடித்துக்கொண்டது. அவன் நிற்கும்வரைக்கும் முகத்தில் காட்டாமல் வைத்திருந்த நோ எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. திரும்பிப் படுக்க முடியவில்லை. ராசம் பார்த்துக்கொண்டு இருப்பாளா? நொச்சியிலை முறித்து வந்து, தவிடும் கல்லுப்பும் சேர்த்து வறுத்து, துணியில் பொட்டளி கட்டினாள். நாரியில் ஒத்தடம் கொடுத்தாள். சொர்க்கம். டென்மார்க்கில் இத்தனை வருடத்தில் ஒருத்தர் என் முதுகைக் கையால் தொட்டுச் சூடு வைத்ததில்லை.

பிறகு அவளுடைய கண் மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டரில் பட்டது.

“அக்கா, மருந்து மேலை கிடக்குது, நோ கீழை கிடக்குது. மருந்துக்கு மேலையும் கொஞ்சம் ஒத்தட்டோ? சூடு பட்டால்தானே நல்லா இறங்கும்.”

“ஒத்து” என்றேன்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். எண்ணெய் பூசினால் மேலே ஒத்தடம். பற்றுப் போட்டால் மேலே ஒத்தடம். மருந்து வெளியிலே நிற்கக் கூடாது, சூட்டால் உள்ளே தள்ள வேண்டும். எங்களுடைய அம்மா செய்தாள், அம்மாவின் அம்மா செய்தாள். ராசம் எனக்குச் செய்தாள். பொட்டளி ஆற ஆற வறுத்து, ஆற ஆற வறுத்து, அந்தப் பிளாஸ்டரின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. ராசம் சொன்னதுதான். நான் குறட்டை விட்டு நித்திரை கொண்டேனாம். ஒத்தடம் வேலை செய்கிறது என்று அவளுக்குச் சந்தோசமாம். கோழிக்குத் தீன் போட்டுவிட்டு வந்து பார்த்தாளாம். ஒரு குறட்டை வந்ததாம். அடுத்தது வரும் என்று நின்றாளாம். வரவில்லையாம். உதட்டைப் பார்த்தால் நாவற்பழ நிறமாம். அவளுடைய புருசன் சபாபதி பக்கத்து வீட்டு வான் வண்டியைக் கூப்பிட்டு, என்னைப் பாயோடு தூக்கி ஏற்றியிருக்கிறார்.

4

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர். ஆரணியைவிட ஒரு பத்து வயது கூட இருப்பா, அவ்வளவுதான். பிளாஸ்டரைக் கண்டவுடனே உரித்து எடுத்து, ஊசி போட்டு, என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது அந்தப் பிள்ளை. எனக்கு நினைவு தெளிந்த பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தா.

“அம்மா, இதுக்கு மேலை சூடு வைக்கக் கூடாது எண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

“இல்லைப் பிள்ளை.”

“உது சும்மா நோவுக்கு ஒட்டுற பிளாஸ்டர் இல்லை. மோர்பின் சாதி மருந்து. மூண்டு நாளைக்கு எண்டு வைச்சதைத் தோல் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கும். மேலை சூடு வைச்சால் எல்லாத்தையும் கெதியா இழுத்துப்போடும். நாளையான் மருந்தும் இண்டைக்கே உள்ளை போனால், மூச்சு விடோணும் எண்டதையே உடம்பு மறந்துபோம். விளங்குதோ?”

விளங்கியது. ஏன் விளங்காது? அந்த மருந்தைப் பற்றி ஒரு டொக்டர் என்னைப் பார்த்து, என் பாசையில் கதைத்தது அதுதான் முதல் முறை. கதைத்து முடிக்க அவவுக்கு ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்கூடப் போகவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை எட்டு வருடமாக எனக்கு ஒருத்தரும் தரவில்லை.

வெளியே விறாந்தையில் ராசம் தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். “நானே என்ரை அக்காவைக் கொல்லப் பாத்தன்.” குகன் டென்மார்க்கில் இருந்து ரெலிபோனில் அவளைப் பேசியிருக்கிறான். மூளை இல்லையோ, இந்தக் காலத்திலும் இலையும் தவிடுமோ என்று. என்னை நினைத்துத் தங்கச்சி நெருப்புக்கு முன்னால் குந்தியிருந்து வறுத்தது அவனுக்கு மூளை இல்லாத வேலை. நான் சபாபதியின் ரெலிபோனை வாங்கினேன்.

“குகன், சூடு வைக்கக் கூடாது எண்டு அங்கத்தை டொக்டர் சொன்னவரோ இல்லையோ?”

அவனுடைய குரல் இறங்கியது.

“சொன்னவர்தான் அம்மா. சவுனாவுக்குப் போகக் கூடாது, கரண்ட் போர்வை போர்க்கக் கூடாது எண்டவர். நீங்கள் சவுனாவுக்குப் போறேல்லைத்தானே. அதுதான் சொல்லேல்லை.”

சவுனா என்றால் வெள்ளைக்காரர் உடுப்பைக் கழற்றிப்போட்டுச் சூட்டறைக்குள் வேர்க்க வேர்க்க இருப்பது. நான் அதற்குப் போகமாட்டேன், உண்மைதான். அவன் டொக்டரின் சொல்லைப் பொறுக்கி, எனக்கு வேண்டாததை எறிந்திருக்கிறான். அந்தச் சூட்டறைக்குள்ளே எங்களுடைய ஒத்தடமும் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும். “சூடு” என்ற ஒரு சொல் என் காதில் விழுந்திருந்தால் போதும், ராசத்தின் கையைத் தட்டிவிட்டிருப்பேன்.

“ராசத்திட்டை மன்னிப்புக் கேள்” என்று சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தேன்.

5

ஆஸ்பத்திரியால் விடும்போது அந்த டொக்டர் பிளாஸ்டரை நிறுத்தி, மெதுவாகக் கரைகிற குளிசை தந்தா. முன்னதைவிடக் குறைந்த அளவு. காலையும் பின்னேரமும் முழுசாக விழுங்க வேண்டும், நசுக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, ஒரேயடியாக விடவும் கூடாது. ராசத்துக்கும் எனக்கும் இரண்டு முறை சொன்னா. இருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டா.

வீட்டுக்கு வந்தால் ஊர் முழுக்க வேறு கதை. டென்மார்க்கு மனிசி அபின் பாவிக்கிறாவாம், அளவு கூடி விழுந்து போனாவாம். பார்க்க வந்தவர்கள் என் கண்ணை உற்று உற்றுப் பார்த்தார்கள். சபாபதிக்கும் பகிடி.

“முந்தி உதைக் கள்ளமா வித்தவங்கள் மச்சாள். அங்கை கவுண்மென்டே குடுக்குதோ?”

“குடுக்குது. உமக்குக் கள்ளும் அனுப்புவினமோ எண்டு கேட்டுச் சொல்லட்டோ?”

அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை. ஆனால் கதை டென்மார்க்குக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. குகன் ராசத்தோடு கதைத்தான். அந்தக் குளிசையையும் கொடுக்க வேண்டாம், அம்மா அதற்கு அடிமையாகிப் போனா, காய்ச்சலுக்குப் போடுகிற பனடோல் போதும் என்றான். ஏற்கெனவே ஒருமுறை அவனிடம் பேச்சு வாங்கியவள் ராசம். பயந்துவிட்டாள். குளிசையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். எனக்குப் பனடோல் தந்து, டொக்டர் மாற்றித் தந்தது இதுதான் என்றாள். பொய் சொல்லத் தெரியாத முகம். உடம்பு தளர்ந்திருந்ததால் நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த நாள் தொடங்கியது. வேர்த்துக் கொட்டியது, பிறகு குளிர்ந்தது. கொட்டாவிமேல் கொட்டாவி. மூக்கும் கண்ணும் ஓடின. வயிறு ஓடியது. கால் தன்பாட்டில் உதைத்தது. நாரி நோ, கதவை உடைத்துக்கொண்டு வந்ததுபோல வந்தது. என் எழுபத்தேழு வயதில், தங்கச்சி வீட்டில், பாயை நனைத்தேன். வாசலில் நின்ற ஒரு பெண் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது: “பாத்தியளோ, அடிமையானவைக்கு உப்பிடித்தான் வரும்.”

நான் எழுந்து இருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

“ராசம், நீ தந்தது அந்தக் குளிசை இல்லை. அதை எடு.”

“குகன் பேசுவான் அக்கா.”

“அவன் என்ரை வயித்திலை பிறந்தவன். நான் அவன்ரை வயித்திலை பிறக்கேல்லை. எடு திறப்பை.”

அவள் அழுதுகொண்டே அலுமாரியைத் திறந்தாள். நான் அதை வாங்கி விழுங்கவில்லை. இடையில் விட்ட மருந்தைத் திரும்பத் தொடங்கலாமோ என்று கேட்க வேண்டும். ஓட்டோ பிடித்து, ராசத்தின் தோளில் சாய்ந்துகொண்டு அதே டொக்டரிடம் போனேன். அந்தப் பிள்ளைக்கு வந்த கோபத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“அடிமை எண்டது வேறை அம்மா. கனகாலம் பாவிச்ச மருந்தைத் திடீரெண்டு நிப்பாட்டினால் ஆருக்கும் உடம்பு உப்பிடித்தான் துடிக்கும். நீங்கள் களவெடுத்தோ கூட எடுத்தோ திரியேல்லை. குறைக்கிறதெண்டால் மெல்ல மெல்லக் குறைக்கோணும். அதுவும் உங்களோடை கதைச்சு.”

உங்களோடை கதைச்சு. அந்தச் சொல்லை நான் டென்மார்க்குக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்து ராசம் தேன் போத்தலோடு நின்றாள். குளிசை பெரிது, தொண்டையில் நிற்கும், நசுக்கித் தேனில் குழைத்துத் தரட்டோ என்றாள். வயதானவர்களுக்கு எங்கள் வீடுகளில் அப்படித்தானே கொடுப்போம்.

“தொடாதை. நசுக்கினால் அதுவும் ஒத்தடம் வைச்ச மாதிரித்தான், எல்லாம் ஒரேயடியா இறங்கிப்போம்” என்றேன். ராசம் போத்தலைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். பாருங்கள், எனக்குச் சொன்னால் எனக்கு விளங்கும். மூன்றாம் வகுப்புப் படித்த மண்டைக்குள்ளும் அது நிற்கும்.

6

திரும்பி வந்ததும் இங்கத்தை டொக்டரிடம் போக வேண்டி இருந்தது. பிளாஸ்டரோ, குளிசையோ, ஒன்றும் இல்லையோ என்று அன்றைக்கு முடிவு. நான் ஆரணியைக் கொண்டு ரெலிபோன் எடுப்பித்து, மொழிபெயர்க்கிற ஆள் வேண்டும், என் பென்சனில் கட்டுகிறேன் என்று சொல்லுவித்தேன். குகனுக்கு முகம் கறுத்துப்போனது.

“நான் இருக்கேக்கை வெளி ஆளோ? என்னைப் பற்றி அவை என்ன நினைப்பினம்?”

“உன்னைப் பற்றி என்னவும் நினைக்கட்டும். எனக்கு மூச்சு விடோணும்.”

வந்தான். ஒரு மூலையில் இருந்தான். மொழிபெயர்த்த பெண் ஒரு திரையில் வந்தா, கதையைக் கேட்டால் வடமராட்சிப் பக்கம். டொக்டர் ஒரு வசனம் சொல்லுவார், அந்தப் பிள்ளை ஒரு வசனம் சொல்லும். டொக்டர் இருமினால் மட்டும் விட்டுவிடும். முதல் வசனமே இதுதான்.

“போன மாரியிலை உங்கடை மகனோடை கதைச்சு ஒத்துக்கொண்ட மாதிரி, மருந்தை இனிக் குறைக்கத் தொடங்குவம் எண்டு டொக்டர் சொல்லுறார்.”

நான் குகனைப் பார்த்தேன். அவன் யன்னலைப் பார்த்தான்.

“என்னோடை கதைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. நான் அந்த அறையிலைதான் இருந்தனான் எண்டும் சொல்லுங்கோ.”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு முதலில் இருந்து எனக்குச் சொன்னார். வயது போகப் போக இந்த மருந்து ஆளை விழுத்தும், மூச்சைக் குறைக்கும், நினைவை மங்கச் செய்யும். கனகாலம் பாவித்தால் நோவுக்கும் முந்தினமாதிரிக் கேட்காது. குறைத்தால் சிலருக்கு நோ கூடும், சிலருக்கு அவ்வளவாகக் கூடாது, எனக்கு எப்படி என்று அவருக்கே தெரியாது. அத்தனையும் நியாயமான கதை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். நியாயமான கதையை ஏன் எனக்கு ஒளித்தார்கள்?

“அம்மா பயந்துபோவா எண்டுதான்” என்றான் குகன் தமிழில். அந்தப் பெண் அதையும் டெனிஷில் டொக்டருக்குச் சொன்னா. அவன் திடுக்கிட்டான்.

“சண்டையிலை செல் விழேக்கை உன்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டு ஓடினவள் நான். ஒரு பிளாஸ்டருக்கோ பயப்பிடப் போறன்?”

அதையும் சொன்னா. டொக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, உங்களுக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். என்னைப் பார்த்து.

குறைப்போம் என்றேன். ஆனால் ஒரு படி குறைத்தபிறகு நான் நின்று சமைக்க முடிந்தால்தான் அடுத்த படி. முடியாவிட்டால் அந்தப் படியிலேயே நிற்போம். யாரும் என் மருந்தைப் பூட்டி வைக்கக் கூடாது. இனி எது சொல்வதென்றாலும் எனக்குத்தான் முதலில். டொக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் திருப்பிச் சொன்னேன், அந்தப் பிள்ளை திருப்பிச் சொன்னது.

இப்போது இரண்டு படி குறைந்திருக்கிறது. சுகமில்லை. காலையில் கட்டிலால் எழும்ப முந்தியைவிடக் கனநேரம் பிடிக்கிறது. சில நாள் குசினிக்குள் கதிரையில் இருந்தபடிதான் மரக்கறி வெட்டுகிறேன். மூன்றாவது படிக்கு இன்னும் ஓம் சொல்லவில்லை. சொல்லுவேனோ தெரியாது. குகன் நாளுக்கு ஒரு தரம் வந்து வாசலில் நின்று, “அம்மா, நோ எப்பிடி?” என்று கேட்கிறான். முந்தி அவன் அப்படிக் கேட்டதில்லை. தனக்குத் தெரியும் என்று இருந்தவன். நான் மறுமொழி சொல்லுகிறேன், நீளமாக. அவன் நின்று கேட்கத்தான் வேண்டும். எனக்கு அவனில் கோபம் இன்னும் இருக்கிறது. அவன் ராசத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான். என்னிடம் இன்னும் இல்லை.

ஊரில் இருக்கிற நீங்கள், வெளிநாட்டில் அம்மாவுக்கு என்ன குறை, நல்ல டொக்டர், நல்ல மருந்து, கார் ஓடிக் கூட்டிக்கொண்டு போக மகன் என்று சொல்லுவீர்கள். எல்லாம் இருந்தது. என்னோடு ஒரு வார்த்தை கதைக்கத்தான் ஆள் இல்லை. உங்கள் அம்மா அப்பாவைக் கொழும்புக்கு டொக்டரிடம் கொண்டுபோகும்போது நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டாம்.

இவ்வளவும் எழுதி முடிய ஆரணி பேனையை வைத்துவிட்டுக் கையை உதறுகிறாள்.

“அப்பம்மா, நல்லா நீண்டுபோச்சுது. அப்பாவைப் பேசின இடம் கொஞ்சத்தை எடுத்துப்போட்டு, மிச்சத்தைச் சுருக்கட்டோ?”

“ஒரு சொல்லும் எடுக்காதை. அந்தக் கதிரையை இஞ்சாலை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலை இருந்து வாசி. நான் கேக்கிறன்.”